தேன் வாங்கியவர்களின் முகவரிகள்

கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் அம்மா எங்களிடம் வெகுகாலமாகத் தேன் வாங்குகிறார். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"ஒவ்வொரு கடைக்கும் ஒரு தனி மின்னஞ்சல் முகவரி உருவாக்கிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முகவரி உங்களுக்காக மட்டும் உருவாக்கியது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஆனால் இன்று இதே முகவரிக்கு யாரோ ஒருவர் எனக்கு வீட்டுக்கடன் தருவதாக எழுதியிருக்கிறார். கோபத்தில் இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்."

படித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி அண்ணியிடம் போனேன்.

'எங்களிடம்' என்று நான் சொல்லிக்கொள்வதே கொஞ்சம் அதிகம். வியாபாரம் அண்ணியுடையது. கரியாலூரிலும் அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் தேன், சாமை, மிளகு, புளி வாங்கி வருவார். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துச் சுத்தம் செய்து, பாட்டிலிலும் பையிலும் அடைத்து கூரியரில் அனுப்புவார். சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னதும் நான் அண்ணன் வீட்டு மாடிக்கு வந்துவிட்டேன். என் வேலை போக மிச்ச நேரத்தில் அண்ணியின் கம்ப்யூட்டர் சங்கதிகளைப் பார்த்துக்கொள்வேன். அண்ணன் சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் நிலத்தில் கரும்பும் நெல்லும் போடுகிறார்.

அண்ணியின் வியாபாரம் தேனால் மட்டும் ஓடவில்லை. மாதம் ஒரு தடவை, தன்னிடம் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதுவார். மலையில் பார்த்ததும் கேட்டதும்தான் அதில் இருக்கும். நாவல் பூத்திருக்கிறது, அதனால் அடுத்த தேன் லேசாகத் துவர்க்கும். மழை பிந்திவிட்டது, சாமை குறைவாகத்தான் வரும். தேன் எடுக்க ஏறிய ஒருவர் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார், கோபத்தில் அவர் மனைவி அவரோடு பேசுவதில்லை. விலை கடைசியில் ஒரு வரியாக வரும். வாங்குகிறவர்கள் அந்த வரியை விட்டுவிட்டு, கால் கூடிவிட்டதா, மனைவி பேசிவிட்டாரா என்று கேட்டு எழுதுவார்கள். அண்ணி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவார்.

அவர்களுடைய பெயர், நம்பர், மின்னஞ்சல் எல்லாம் அண்ணியின் போனில் இருந்தன. பெயருக்குப் பக்கத்தில் அவரே ஒரு குறிப்பும் போட்டு வைத்திருப்பார். 'சர்க்கரை உண்டு.' 'மகள் மாசமா இருக்கு.' 'பாட்டில் உடைஞ்சாலும் திட்டமாட்டார்.'

நான் போனபோது அண்ணி தேன் பாட்டில்களுக்கு மூடி முறுக்கிக்கொண்டிருந்தார். மின்னஞ்சலை வாசித்துக் காட்டினேன். கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நாம யாருக்குக் குடுத்தோம் பாப்பா?"

"நாம குடுக்கல அண்ணி. யாரோ நம்மகிட்டருந்து எடுத்திருக்காங்க."

"எதுலருந்து?"

அது எனக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு மட்டும் நேர்ந்ததாக இருக்கலாம் என்று, நன்றாகப் பழகிய வேறு சிலரிடம் போனில் கேட்டோம். எல்லாரும் ஆமாம் என்றார்கள். கொஞ்ச நாளாகவே கடன், லாட்டரி, முடி வளரும் தைலம் என்று வேண்டாத மெயில்கள் குவிகின்றனவாம். எங்கிருந்து வருகிறதென்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கோயம்புத்தூர் அம்மா மாதிரி கடைக்கொரு முகவரி அவர்கள் யாரும் வைத்திருக்கவில்லை.

மதுரையில் ஒரு பெண்மணி சொன்னதைக் கேட்டதும்தான் அண்ணிக்கு முகம் வாடிப்போனது. அவருக்கு, 'உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, இங்கே பணம் கட்டினால் விடுவிப்போம்' என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. அனுப்பியவனுக்கு அவர் எங்கள் தேனுக்காகக் காத்திருப்பது தெரிந்திருக்காது. எல்லாருக்கும் அதையே அனுப்பியிருப்பான். ஆனால் அவர் காத்துக்கொண்டிருந்தாரே. பேங்க் விவரங்களை அடிக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த மகன் பார்த்துத் தடுத்திருக்கிறார்.

"உங்க தேனுன்னுதான்மா நெனச்சேன்" என்று அவர் சொன்னார். அண்ணி போனை வைத்த பிறகும் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றினேன். யாராவது உள்ளே நுழைந்து பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். நுழைந்த தடயம் இல்லை. அடுத்தபடியாக எனக்கு மனிதர்கள் மேல் சந்தேகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்கு முகவரிச் சீட்டுகள் அச்சடித்துத் தரும் கம்ப்யூட்டர் சென்டர்காரரைச் சொன்னேன்.

"அவருகிட்ட நாம மெயிலு குடுக்கறதே இல்லியே பாப்பா. ஊரு, தெரு, நம்பரு மட்டுந்தான சீட்டுல அடிக்கறாரு" என்றார் அண்ணி.

சரிதான். அடுத்ததாக, எங்களிடம் பேக்கிங் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகித் திருக்கோவிலூருக்குப் போய்விட்ட பெண்ணைச் சொன்னேன்.

"அது பண்ணாது. போகும்போது அழுதுக்கினு போச்சு."

"அழுதா பண்ணமாட்டாங்களா அண்ணி?"

"பண்ணுவாங்க. இது பண்ணாது."

இப்படி ஒவ்வொரு ஆளாக நான் நிறுத்த, ஒவ்வொருவரையும் அண்ணி விடுதலை செய்துகொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவர் சொல்வதுதான் சரி என்றும் பட்டது. ஆதாரம் இல்லாமல் ஒரு பெண்ணின் புகுந்த வீட்டுக்கு போன் போட்டு என்ன கேட்பது? ஆட்களை விட்டுவிட்டு, முகவரிகள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கினேன். நான்கு இடங்கள் தேறின. எங்கள் வலைப்பக்கத்தில் ஆர்டர் போடும் இடம், கூரியர் பதிவு, நான் கடிதம் அனுப்பும் கம்ப்யூட்டர், அண்ணியின் போன்.

வழி காட்டியது கோயம்புத்தூர் அம்மாவின் பழக்கம்தான். அவர் கடைக்கு ஒரு முகவரி கொடுத்ததைப்போல, நாம் இடத்துக்கு ஒரு புது முகவரி கொடுத்தால்? எந்த முகவரிக்குக் கண்டவன் எழுதுகிறானோ, அந்த இடத்தில் ஓட்டை. நானே புது மின்னஞ்சல்கள் உருவாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் பெயர் தேவைப்பட்டது.

"வாயில வந்த பேர சொல்லுங்க அண்ணி."

"சும்மா பேரு சொன்னா எப்படி? யாரு, எவருன்னு இருக்கணும்ல" என்றார்.

பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே அண்ணி இல்லாத வாடிக்கையாளர்களை உண்டாக்கினார். கூரியருக்குக் கொடுத்தது நாகர்கோவிலில் ஒரு லேடி டாக்டர், சாப்பிடவே நேரம் இல்லாதவர். அந்தப் பார்சல் நிஜத்தில் என் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போனது. வலைப்பக்கத்தில் ஆர்டர் போட்டது மன்னார்குடியில் இரட்டைக் குழந்தைகளின் அம்மா. கம்ப்யூட்டரில் மட்டும் சேர்த்தது ஓசூரில் கல்யாணமாகாத ஓர் இன்ஜினீயர். அண்ணியின் போனில் மட்டும் பதிந்தது அரக்கோணத்தில் ஒருவர், ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை, தானே சாமைப் பொங்கல் வைத்துச் சாப்பிடுகிறார், தலையில் ஒரு முடி கிடையாது. அந்தக் குறிப்பையும் போனில் போட்டு வைத்தார்.

பிறகு காத்திருந்தோம். தினமும் காலையில் டீ எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, "யாருக்காச்சும் வந்துச்சா?" என்று அண்ணி கேட்பார். வரவில்லை என்றால் கொஞ்சம் நிம்மதியாகவும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இறங்கிப் போவார். டாக்டருக்கு வரவில்லை. இரட்டைக் குழந்தைகளின் அம்மாவுக்கு வரவில்லை. இன்ஜினீயருக்கும் வரவில்லை.

ஒரு காலையில் அரக்கோணத்துக்காரருக்கு வந்திருந்தது. 'முடி உதிர்கிறதா? கவலை வேண்டாம்.'

அண்ணி அதை வாங்கிப் படித்தார். "பாவம், அவருக்கு முடியே இல்லியே" என்றார். நான் சிரிக்கத் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை. தன் போனை எடுத்து, என்னவோ புழு நெளியும் அரிசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

போனில் எந்தெந்த ஆப்புகளுக்கு அங்கே சேமித்திருக்கும் பெயர்களைப் படிக்கும் அனுமதி இருக்கிறது என்று பார்த்தேன். கொஞ்சம்தான் இருந்தன. எல்லார் போனிலும் இருக்கிற, எனக்குத் தெரிந்த சிலவற்றை ஒதுக்கினால் மிஞ்சியது ஒன்று. பேசினால் தமிழில் எழுதித் தரும் ஆப்.

அதைப் போட்டுக் கொடுத்தது அண்ணன்.

அண்ணிக்குக் கட்டைவிரல் அடியில் வலி. பாட்டில் மூடிகளை முறுக்கி முறுக்கி வந்தது. போனில் டைப் அடித்தால் இன்னும் குடையும். அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி விரலை நீவிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, அண்ணன் கரும்புக் காட்டில் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் விசாரித்து, இப்படி ஒன்று இருக்கிறதென்று கேட்டு வந்து, தானே இறக்கிப் போட்டார். இலவசம்தான். நடுவில் நகைக்கடை விளம்பரம் ஓடும். அண்ணி பேசியதை அது முழுதாகப் புரிந்துகொண்டதில்லை. 'வூட்டுல' என்றால் 'ஊட்டியில்' என்று எழுதும். 'சாமை வந்துச்சு' என்று சொன்னதை 'சாமி வந்துச்சு' என்று எழுத, நானும் கவனிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். அந்த மாதம் சேலத்திலிருந்து ஒருவர், எனக்கு இரண்டு கிலோ சாமி வேண்டும் என்று எழுதியிருந்தார். வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அண்ணனுக்கு அதில் அவ்வளவு பெருமை. தன்னால் அண்ணியின் வியாபாரத்துக்கு ஆன ஒரே உதவி அதுதான் என்பார்.

அண்ணி அந்த ஆப்பின் படத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தார். அண்ணன் அப்போது வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவருகிட்ட இப்ப சொல்லாத பாப்பா."

"இதுதானான்னு இன்னும் உறுதியா தெரியாது அண்ணி."

"தெரிஞ்சா கூட சொல்லாத."

உறுதி செய்துகொள்ள, என்னிடம் கிடந்த பழைய போனைத் துடைத்து எடுத்தேன். அதில் இருந்தவற்றையெல்லாம் அழித்துவிட்டு, அந்த ஆப்பை மட்டும் போட்டு, புதிதாக ஒரே ஓர் ஆளைப் பதிந்தேன். அந்த ஆளையும் அண்ணிதான் உண்டாக்கினார். திண்டிவனத்தில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாள். ஆப் திறந்ததும் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. மைக்குக்கு அனுமதி கேட்பது நியாயம். பேசினால்தானே எழுத முடியும். சேமித்த பெயர்கள் அதற்கு எதற்கு? 'அனுமதி' என்று அழுத்தினேன். திண்டிவனத்து அம்மாளுக்கும் சில நாட்களில் வீட்டுக்கடன் தயாராக இருப்பதாக மெயில் வந்துவிட்டது.

அண்ணி தன் போனிலிருந்து அந்த ஆப்பை அழித்தார். பழையபடி விரலால் அடிக்கத் தொடங்கினார். இரண்டு வரி அடிப்பார், விரலை நீவுவார், சேலை முந்தானையில் சுற்றிக்கொள்வார். அண்ணன் கண்ணில் படாமல் இருக்கும் என்று நாங்கள் நினைத்தது முட்டாள்தனம். ஒரு சாயங்காலம் நிலத்திலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கையால அடிக்கற? அது இன்னா ஆச்சு?"

"அது சரியா வர்ல."

"ஏன் வர்ல?"

"நான் பேசறது அதுக்குப் புரியலங்க. வுட்டுட்டேன்."

"அவ்ளோதான? வேற ஒண்ணு இருக்குதாம். நம்ம பக்கத்துப் பேச்செல்லாம் நல்லா எழுதுதாம். குடு இப்படி, போட்டுத் தரேன்" என்று கையை நீட்டினார்.

அண்ணி போனை மடியில் வைத்து மூடிக்கொண்டார். கொடுக்கவும் முடியவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் எப்படிச் சொல்வது? சொல்லாதே என்றவர் அவர்தானே. கடைசியில் அவரே சொன்னார். குரலை உயர்த்தாமல், எதையும் கூட்டாமல் குறைக்காமல், கோயம்புத்தூர் அம்மாவின் மெயிலிலிருந்து திண்டிவனத்து அம்மாள் வரைக்கும் சொன்னார்.

"அனுமதி கேட்டுச்சு. கேட்டா குடுக்கறதுதான மரியாதை" என்றார் அண்ணன். கொஞ்சம் கழித்து, "மதுரைக்கார அம்மா பணம் கட்டிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை, மகன் தடுத்துவிட்டார் என்றேன். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி நிலத்துக்கே போய்விட்டார். தண்ணீர் பாய்ச்சும் முறை அன்று அவருடையது அல்ல. அண்ணி அடுப்பில் வைத்திருந்த குழம்பை இறக்கி மூடி வைத்துவிட்டு, "இதுக்குத்தான் சொன்னேன் பாப்பா" என்றார்.

இருட்டிய பிறகுதான் அண்ணன் திரும்பி வந்தார். சாப்பிட்டார். மறுநாள் காலையில் என்னிடம், இந்த மாதக் கடிதத்தைத் தானே எழுதுவதாகச் சொன்னார். அண்ணி சம்மதிக்கவில்லை. "போன்ல தப்பு நடந்துடுச்சுன்னு பொதுவா எழுதிக்கலாம். யாருன்னு எதுக்கு?" என்றார். அண்ணன், "உன் பேரு போட்டுதான் கடுதாசி போவுது. நீ குடுத்தன்னு நெனப்பாங்க" என்றார். அந்தப் பேச்சு அன்று முடியவில்லை.

அந்த வாரம் தேன் எடுத்துவர மூவரும் சேர்ந்தே வேனில் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவுகளில் ஏறினோம். கரியாலூரில் தேன் டின்களை ஏற்றிவிட்டு, ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். அங்கே சிக்னல் இல்லை. அண்ணன், "இப்ப எழுது பாப்பா" என்றார். நான் மடியில் லேப்டாப்பைத் திறந்துகொண்டேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் அவங்க வூட்டுக்காரன். கரும்பு போடறவன். என் பொண்டாட்டிக்குக் கட்டவெரல் வலி. டைப் அடிக்கக் கஷ்டப்படறாளேன்னு, பேசினா எழுதற ஒண்ண போன்ல போட்டுக் குடுத்தேன். அது ஒவ்வொண்ணா அனுமதி கேட்டுச்சு. கேட்டதெல்லாம் குடுத்தேன். அதுல உங்க பேரு, நம்பரு, மெயிலு எல்லாம் வெளிய போயிடுச்சு. திருப்பி வாங்க முடியாதுன்னு என் தங்கச்சி சொல்லுது. பார்சல் நிக்குது, பணம் கட்டுன்னு யாராச்சும் எழுதினா அது நாங்க இல்ல, தொடாதீங்க. எங்ககிட்ட உங்க மெயிலு இருக்க வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடறோம். தப்பு என்னுது. அவ மேல கோவப்படாதீங்க."

"அந்தக் கடைசி வரிய எடுத்துடு பாப்பா" என்றார் அண்ணி.

"எடுக்காத" என்றார் அண்ணன்.

நான் எடுக்கவில்லை. பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழாக்கவும் இல்லை. கீழே இறங்கி சிக்னல் வந்த இடத்தில் அப்படியே அனுப்பினேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

சிலர் தங்கள் மின்னஞ்சலை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துவிட்டோம். அவர்களில் ஒருவர் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருந்தார். அண்ணன் அதை முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த ஆப்பைப் பற்றி நான் புகார் கொடுத்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது. கொஞ்ச காலத்துக்குப் பின் அந்த ஆப் காணாமல் போனது. வேறு பெயரில் வேறு படத்தோடு எங்கேயாவது இருக்கலாம். வேண்டாத மெயில்கள் நிற்கவில்லை. போன முகவரி போனதுதான். கோயம்புத்தூர் அம்மா எங்களுக்கென்று புதிதாக ஒரு முகவரி உருவாக்கி, அதிலிருந்து வழக்கம்போல் தேன் கேட்டு எழுதினார்.

ஆனால் வந்த பதில்களில் பெரும்பாலானவை முகவரியைப் பற்றியே பேசவில்லை. கட்டைவிரலைப் பற்றிப் பேசின. நொச்சி இலையை வேகவைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் ஒருவர். வெந்நீரில் கல் உப்புப் போட்டு முக்கச் சொன்னார் இன்னொருவர். எலும்பு டாக்டர் ஒருவர், வைத்தியமெல்லாம் அப்புறம், முதலில் மூடி முறுக்குவதை நிறுத்துங்கள் என்று எழுதினார். மதுரைக்காரப் பெண்மணி ஒரு தைல பாட்டிலை, கட்டைவிரலுக்கு மாட்டும் உறையோடு சேர்த்துப் பார்சலில் அனுப்பிவிட்டார். மேலே அண்ணனின் முகவரி எழுதி, 'உங்கள் மனைவிக்கு' என்று போட்டிருந்தார்.

மூடிகளை இப்போது அண்ணன் முறுக்குகிறார். நிலத்துக்குக் கிளம்பும் முன் முன்னறையில் உட்கார்ந்து, அன்றைக்குப் போக வேண்டிய பாட்டில்களை மூடிவிட்டுத்தான் போவார். அளவுக்கு மேல் இறுக்கிவிடுகிறார். திறக்க முடியவில்லை என்று திருச்சியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

கடிதத்தை அண்ணி சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். ஆப் குறுக்கே பேசாது, நான் பேசுவேன். அதனால் நேரம் பிடிக்கிறது. போன மாதம், தேன் எடுக்கிறவரின் மனைவி அவரோடு பேசத் தொடங்கிவிட்டதாக எழுதச் சொன்னார்.

"நாம போனப்ப அவங்க திட்டிக்கினுதான இருந்தாங்க அண்ணி?" என்றேன்.

"திட்டறது பேச்சு இல்லியா? எழுது" என்றார்.